தீவகத்தின் கதை – 17: கடைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை

2006 டிசம்பர் 1ஆம் திகதி இலங்கையில் ஒரு புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. 21 வயதுக்குக் குறைந்த எவருக்கும் சிகரெட், பீடி, சுருட்டு, மதுபானம் எதையும் கடைக்காரர் விற்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் அன்று அதைப் பற்றி யோசிக்கும் நிலையில் யாரும் இருக்கவில்லை.

அந்த ஆண்டு மே 13ஆம் திகதி அல்லைப்பிட்டி உட்பட வேலணைத் தீவின் மூன்று இடங்களில் 13 பொதுமக்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்கியதோடு குடாநாட்டின் தரைவழியான ஏ-9 வீதி மூடப்பட்டது. இரண்டு நாள் கழித்து, அல்லைப்பிட்டி புனித பிலிப் நேரியார் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த சனங்கள் மீது எறிகணைகள் விழுந்தன. அந்த ஆலயத்தின் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் ஓகஸ்ட் 20ஆம் திகதி காணாமற் போனார். குடாநாட்டுக்கு வேண்டிய அரிசியும் மாவும் சீனியும் கப்பலில் வந்தால்தான் உண்டு. சாமான் வரிசையில் நிற்கும் தாயிடம் போய், மகனுக்குச் சிகரெட் விற்பது இனிக் குற்றம் என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்?

ஆனாலும் தீவகத்தின் வரலாற்றில் இந்தச் சட்டத்துக்கு ஓர் இடம் கொடுத்தே ஆகவேண்டும். புகையிலையால் சோறு தின்ற ஊர்கள் இவை. அந்த ஊர்களுக்குள் புகையிலையைப் பிள்ளைகளிடமிருந்து தள்ளி வைக்கச் சொல்லும் சட்டம் எப்படி வந்தது, ஏன் வந்தது, வந்து என்ன செய்தது என்பதுதான் இந்த இதழின் கதை.

கடந்த இதழில் தென்னிலங்கைப் பட்டினங்களில் புங்குடுதீவாரும் வேலணையாரும் நடத்திய சுருட்டுக் கடைகளைப் பார்த்தோம். அந்தக் கடைகளுக்குச் சரக்குப் போன வழி நீளமானது. போர்த்துக்கேயர் காலத்தில் இந்த மண்ணுக்கு வந்த புகையிலை, 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் காலத்தில் பெரிய ஏற்றுமதிப் பயிராகிவிட்டது. திருவிதாங்கூரில் வெற்றிலையோடு மெல்வதற்கு யாழ்ப்பாணப் புகையிலைக்கு ஈடு வேறில்லை என்ற பெயர் இருந்தது. அங்கே போவதற்கென்று பதப்படுத்தியதையே இங்கு 'மலையாளப் புகையிலை' என்றார்கள். பிற்காலத்தில் அதை விற்பதற்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கமும் இருந்தது.

வேலணை, சரவணை, நாரந்தனை, அனலைதீவு என்று நல்ல தண்ணீர்க் கிணறு இருந்த இடமெல்லாம் புகையிலைத் தோட்டம் இருந்தது. மாரி முடியும் முன்பே ஆட்டுப் பட்டி, மாட்டுப் பட்டி அடைத்துத் தரையை உரப்படுத்துவார்கள். கன்று நட்ட பிறகு துலா மிதித்துத் தண்ணீர் இறைப்பார்கள். இலையை வெட்டி வாடவைத்து, குடிலில் தூக்கிக் கட்டி, தென்னம் பொச்சு எரித்துப் புகை போடுவார்கள். இதில் எந்த வேலையிலும் பிள்ளைகளின் கை இல்லாமல் இருந்ததில்லை. வீட்டில் ஏழு பேர் என்றால் ஏழு பேரும் தோட்டக்காரர்தான்.

சுருட்டுக் கொட்டில்களில் பொடியன்கள் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே உட்கார்ந்தார்கள். அந்தக் கொட்டில்களுக்கு ஒரு பெருமையும் உண்டு: ஒருவர் பத்திரிகையையும் தொடர்கதையையும் உரத்து வாசிக்க, மற்றவர்கள் சுருட்டிக்கொண்டே கேட்பார்கள். பள்ளிக்கூடம் போகாத பல பேர் உலக விசயம் அறிந்தது அங்கேதான். ஆனால் அந்த அறிவோடு சேர்ந்தே புகையிலைத் தூளும் நெஞ்சுக்குள் போனது. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துப் பேசுவது அந்தத் தொழிலாளருக்கு நியாயமாகாது.

வீட்டிலும் அப்படித்தான். வாசலுக்கு வந்தவருக்கு வெற்றிலைத் தட்டம் நீட்டுவது மரியாதை. தட்டத்தில் பாக்கும் சுண்ணாம்பும் இருக்கும் இடத்தில் புகையிலைத் துண்டும் இருக்கும். "அப்புவுக்கு ரண்டு சுருட்டு வாங்கிக்கொண்டு ஓடி வா ராசா" என்று பிள்ளையைக் கடைக்கு அனுப்பாத வீடு எத்தனை? மிச்சக் காசுக்கு இனிப்பு வாங்கலாம் என்பதால் பிள்ளையும் ஓடும். சுருட்டை முதன்முதலில் கையில் பிடித்த நாள் எது என்று கேட்டால் பலருக்கு நினைவு வருவது இந்த ஓட்டம்தான்.

பிள்ளைக்கும் புகையிலைக்கும் நடுவே அரசுகள் சட்டத்தைக் கொண்டுவந்து வைத்தது எப்போது, எதற்காக? இதற்குப் பதில் தேடினால் முதலில் எதிர்ப்படுவது வைத்தியர் அல்ல, படைத் தளபதி.

ஜப்பான் 1900ஆம் ஆண்டிலேயே 20 வயதுக்குக் குறைந்தோர் புகைப்பதைத் தடைசெய்தது. நெமோட்டோ ஷோ என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த சட்டம் அது. பலமுள்ள நாட்டுக்குப் பலமுள்ள இளைஞர் வேண்டும் என்ற பேச்சு அங்கே ஓங்கியிருந்த காலம். பிரித்தானியாவுக்கு அந்தப் பயம் தென்னாபிரிக்காவில் பிடித்தது. 1899 முதல் 1902 வரை நடந்த போவர் யுத்தத்துக்கு ஆள் சேர்த்தபோது, வந்த இளைஞரில் ஏராளமானோர் உடற்தகுதியில்லாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஏன் இப்படி என்று ஆராய அமர்த்தப்பட்ட குழு 1904இல் தந்த அறிக்கையில், சிறுவர் சிகரெட் புகைப்பதையும் ஒரு காரணமாகக் காட்டியது. 1908ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் 16 வயதுக்குக் குறைந்தோருக்குச் சிகரெட் விற்பதைக் குற்றமாக்கியது. தெருவில் புகைக்கும் சிறுவனிடமிருந்து அதைப் பறிக்கும் அதிகாரம் பொலிசுக்கும் கொடுக்கப்பட்டது. பத்து ஆண்டுகளில் அந்தச் சிந்தனை இந்தியாவுக்கும் வந்து, பஞ்சாபில் 1918இலும் வங்காளத்தில் 1919இலும் சிறுவர் புகைத்தல் சட்டங்கள் பிறந்தன.

அந்தச் சட்டங்களை எழுதியவர்களின் கவலை பிள்ளையின் சுவாசப்பை அல்ல. அவன் தோளில் ஏறப்போகும் துவக்கு. நோக்கம் எதுவாக இருந்தாலும் ஒரு விசயத்தை அவர்கள் சரியாகப் பிடித்திருந்தார்கள். தடுப்பதானால் கடையில், பழக்கம் தொடங்கும் வயதில் தடுக்கவேண்டும் என்பதுதான் அது.

அதற்கு அறிவியல் துணை வர மேலும் அரை நூற்றாண்டு ஆனது. 1950இல் ரிச்சர்ட் டோலும் பிராட்போர்ட் ஹில்லும் லண்டன் வைத்தியசாலை நோயாளரை ஆராய்ந்து, சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் புகைத்தலுக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். 1964இல் அமெரிக்கத் தலைமை வைத்திய அதிகாரியின் அறிக்கை அதை அரசின் குரலாக்கியது. ஆனால் இளையோர் பற்றிய பெரிய உண்மை அதே அலுவலகத்தின் 1994 அறிக்கையில்தான் முழுதாக வெளிப்பட்டது. நாளாந்தம் புகைக்கும் வளர்ந்தோரில் மிகப் பெரும்பாலானோர் 18 வயதுக்கு முன்பே தொடங்கிவிட்டவர்கள். அந்த வயதைத் தொடாமல் தாண்டிவிட்டவர் பிறகு தொடங்குவது அரிது.

இதைக் கம்பனிகள் அரசுகளுக்கு முன்பே அறிந்திருந்தன. 1990களில் அமெரிக்க வழக்குகளில் வெளிவந்த உள் ஆவணங்களில் ஆர்.ஜே. ரெனோல்ட்ஸ் கம்பனியின் 1984ஆம் ஆண்டு அறிக்கை ஒன்று உண்டு. சாகிறவர்களுக்கும் விட்டுவிடுகிறவர்களுக்கும் பதிலாக வரக்கூடிய புதிய வாடிக்கையாளர் இளம் வயதினர் மட்டுமே என்று அது கணக்குப் போட்டிருந்தது. புகையிலையை விடாமல் பாவிப்பவர்களில் பாதிப்பேர் வரை அதனாலேயே இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. பாதி வாடிக்கையாளரை இழக்கும் ஒரு வியாபாரம் அடுத்த தலைமுறையைத் தேடாமல் எப்படி நிற்கும்?

வயதுக் கட்டுப்பாட்டை எதிர்ப்பவர்கள் எப்போதும் தனிமனித சுதந்திரத்தைச் சொல்வார்கள். என்ன புகைப்பது என்பது ஒருவரின் சொந்த விருப்பம், அரசுக்கு அங்கே என்ன வேலை என்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நாற்பது வயதில் இருமி இருமி விட முடியாமல் தவிப்பவரின் விருப்பம் எங்கே தீர்மானமானது? பதினான்கு வயதில், யாரோ ஒரு நண்பன் நீட்டிய ஒற்றைச் சிகரெட்டில். நிக்கோட்டினுக்கு மூளை அதிவிரைவில் பழகிப்போகும் வயது அது. மூளை வளர்ந்து முடிய இருபதுகளின் நடுப்பகுதி ஆகிறது. பிள்ளை எடுத்த முடிவுக்கு வளர்ந்தவர் ஆயுள் முழுக்க விலை கொடுக்கிறார் என்றால், அந்த முடிவைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடச் சொல்வது சுதந்திரத்தைப் பறிப்பதாகாது.

செலவுக் கணக்கும் ஒன்றுண்டு. இலங்கையில் வைத்தியம் இலவசம். நோயின் செலவைச் சுமப்பது திறைசேரி. புகையிலையால் ஆண்டுக்குச் சுமார் 20,000 பேர் இறப்பதாகப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபை சொல்லிவருகிறது. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் சேர்ந்த கூட்டு அதற்கு முக்கிய காரணம். நெடுந்தீவில் ஒருவருக்கு அந்த நோய் வந்தால் திறைசேரிக் கணக்கில் அடங்காத செலவொன்றும் சேரும். விடியவே மாவலித்துறையில் படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, பேருந்து பிடித்து, புங்குடுதீவையும் வேலணையையும் கடந்து யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். கூடப் போகும் மகனுக்கு அன்றைய உழைப்பு இல்லை. கடல் குழம்பினால் அன்று திரும்பவும் முடியாது. கதிர்ச் சிகிச்சைக்கு வாரக்கணக்கில் போகவேண்டி வந்தால் அந்தக் குடும்பம் நகரத்தில் உறவினர் வீட்டுத் திண்ணையை நம்பியே இருக்கவேண்டும்.

சட்டத்துக்கு வருவோம். 2003 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் இலங்கை அதை உறுதிப்படுத்தியது. தெற்காசியாவில் முதல் நாடு. இளவயதினருக்கு விற்பனையைத் தடுக்கவேண்டும் என்று சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை கேட்கிறது. அந்தக் கடமையின் பலனாக வந்ததே 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம். அதன் கீழ் அமைந்த அதிகாரசபையின் தலைவராக நெடுங்காலம் இருந்து குரல் கொடுத்தவர் மருத்துவப் பேராசிரியர் கார்லோ பொன்சேகா.

இந்தச் சட்டத்தில் இரண்டு விசயங்கள் தனித்துக் கவனிக்கத் தக்கவை.

ஒன்று, வயது. இலங்கையில் பராயமடையும் வயது 1989இல் 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டுவிட்டது. வாக்குப் போடவும் 18 போதும். அப்படியிருந்தும் புகையிலைக்கு 21 என்று சட்டமியற்றியவர்கள் நின்றார்கள். அயலில் இந்தியா 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் 18 என்றே வைத்தது. அமெரிக்கா நாடு முழுவதற்கும் 21 என்று ஆக்கியது 2019 டிசம்பரில்தான். போரும் கடனும் அலைக்கழித்த ஒரு சிறு தீவு இந்த ஒரு விடயத்தில் பதின்மூன்று ஆண்டு முன்னால் நடந்தது என்பதைப் பெருமையாகவே சொல்லலாம். 18 போதாது என்பதற்குக் காரணமும் உண்டு. பதினைந்து வயதுப் பொடியனுக்கு வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் அவனோடு படிக்கும் பதினெட்டு வயதுக்காரன். 21 வயதுக்காரன் பாடசாலையில் இல்லை.

மற்றது, யார் குற்றவாளி என்பது. பழைய பிரித்தானியச் சட்டம் பிள்ளையின் கையிலிருந்து பறித்தது. இலங்கைச் சட்டமோ பிள்ளையைத் தொடவில்லை. விற்றவரையே நீதவான் முன் நிறுத்துகிறது. விளம்பரத்தையும் அனுசரணையையும் தானியங்கி விற்பனை இயந்திரத்தையும் அது தடைசெய்தது. பொலிஸ், மதுவரி உத்தியோகத்தரோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அதிகாரம் தந்தது. தீவகத்தைப் பொறுத்தவரை இந்தக் கடைசி ஏற்பாடுதான் சட்டத்துக்கு உயிர் கொடுத்தது. பி.எச்.ஐ. என்று ஊரார் அழைக்கும் அந்த உத்தியோகத்தர் டெங்குக் குடம்பி தேடியும் உணவுக்கடை பார்த்தும் ஒவ்வொரு படலையும் அறிந்தவர். தீவகச் சட்டமீறல்கள் ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும்.

சிறிய இடங்களில் இப்படியான சட்டம் என்ன செய்யும் என்பதற்கு வெளியூர் அனுபவம் உண்டு. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் வூட்ரிஜ் என்ற சிற்றூர் 1989இல் கடைகளுக்கு அனுமதிப்பத்திரம் வைத்து, சோதனைக்கு இளையோரை அனுப்பிப் பார்த்தது. முன்பு பத்துக் கடையில் ஏழு விற்ற இடத்தில், அதன் பின் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான தடவையே விற்பனை நடந்தது. பொஸ்டனுக்கு அருகே நீடம் என்ற ஊர் 2005இல் தானாகவே வயதை 21 ஆக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே உயர்நிலைப் பாடசாலை மாணவரில் புகைப்போர் 13 வீதத்திலிருந்து 7 வீதமாகக் குறைந்தார்கள். சுற்றியிருந்த ஊர்களில் அவ்வளவு இறக்கம் இல்லை. சட்டப் புத்தகத்தை விட, கடைக்காரர் அதை ஏற்றுக்கொண்டாரா என்பதில்தான் எல்லாம் தங்கியிருந்தது.

யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் அதையும் தாண்டிப் போனார்கள். 2017இல் நாடெங்கும் 107 நகரங்களில் வர்த்தகர்கள் சிகரெட் விற்பதையே தாமாக நிறுத்தியிருந்தார்கள் என்று சுகாதார அமைச்சுத் தரப்பு அறிவித்தது. அதில் ஆகக் கூடிய எண்ணிக்கை யாழ்ப்பாண மாவட்டத்துக்கு: 22. அடுத்த இடம் மாத்தறைக்கு 17, பிறகு குருநாகலுக்கு 16. பரிசோதகர்கள் கடை கடையாக ஏறிக் கதைத்ததன் பலன் அது. புகையிலை விளையும் மாவட்டமே இதில் முதலிடம் பிடித்தது சாதாரண விடயமல்ல.

சிகரெட் பெட்டியில் எச்சரிக்கைப் படம் போடுவதற்கான போராட்டம் அதற்குச் சற்று முந்தியது. 2012இல் சுகாதார அமைச்சராக இருந்த மைத்திரிபால சிறிசேன, சிகரெட் பெட்டியின் 80 வீதத்துக்கு நோயின் படத்தைப் போடும் ஒழுங்குவிதியைக் கொண்டுவந்தார். இலங்கைப் புகையிலைக் கம்பனி நீதிமன்றம் போனது. 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அளவைக் குறைத்தது. 2015இல் அவர் ஜனாதிபதியானதும் நாடாளுமன்றமே சட்டத்தைத் திருத்தி 80 வீதத்தை நிலைநிறுத்தியது. 2016இல் புகையில்லாப் புகையிலைக் கலவைகளும் வாசனையூட்டிய சிகரெட்டும் தடைசெய்யப்பட்டன. ஆனால் யாழ்ப்பாணப் பாடசாலைகளின் அயலில் புகையிலையும் பாக்கும் கலந்த 'மாவா' பிடிபட்ட செய்தி பத்திரிகைகளில் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

தீவகத்துக் கடையில் நின்று பார்த்தால் சட்டத்தின் ஓட்டையும் தெரியும். பெட்டியின் படத்தைக் காண்பவர் யார்? பெட்டியாக வாங்குபவர். பொடியன் வாங்குவது ஒற்றைச் சிகரெட். பெட்டி கடைக்காரரின் மேசைக்குள்ளேயே இருக்கும். ஒன்றாக வாங்கும்போது விலையும் பிள்ளையின் கைக்காசுக்குள் அடங்கும். உதிரி விற்பனையையும் பாடசாலைக்கு அருகான விற்பனையையும் நிறுத்தும் யோசனைகள் 2017ஐ ஒட்டிப் பெரிதாகப் பேசப்பட்டன. பேசிய வேகத்தில் அவை கடை வரை வந்து சேரவில்லை. கட்டுச் சுருட்டுக்கும் வெட்டிய புகையிலைக்கும் வயது விதி பொருந்தும். ஆனால் அது சிகரெட்டுக்குத்தான் என்று நினைக்கும் கடைகள் உண்டு.

அதே ஆண்டுகளில் 2020க்குள் புகையிலைச் செய்கையையே நிறுத்துவது என்ற அறிவிப்பும் வந்தது. அது நடக்கவில்லை. நடந்திருந்தால் அனலைதீவிலும் வேலணையிலும் பல அடுப்புகள் அணைந்திருக்கும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நிச்சயமான விலை தராமல், உவர் ஏறிவரும் கிணறுகளைக் காக்காமல், தோட்டக்காரரைப் பார்த்துப் பயிரை மாற்று என்பது அநீதி. வயதுக் கட்டுப்பாடு அப்படிப்பட்டதல்ல. பிள்ளைகளை வாடிக்கையாளராக வைத்துத்தான் தோட்டம் பிழைக்கவேண்டும் என்று எந்தத் தோட்டக்காரரும் சொன்னதில்லை.

உலகம் இன்னும் ஒரு படி மேலே போய்க்கொண்டிருக்கிறது. 2009 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்கு எந்த வயதிலும் விற்பதில்லை என்று நியூசிலாந்து 2022இல் சட்டம் செய்து, ஆட்சி மாறியதும் 2024இல் கைவிட்டது. நம் அயலில் உள்ள மாலைதீவு கைவிடவில்லை. 2007 ஜனவரி 1 முதல் பிறந்தவர்கள் யாரும் அங்கே 2025 நவம்பர் முதல் புகையிலை வாங்க முடியாது. தீவுகளால் ஆன நாடு அது. துறைமுகத்தைக் காத்தால் கடையைக் காக்கலாம். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அந்த வசதி ஓரளவு உண்டு. எல்லாச் சரக்கும் துறையால்தான் ஏறும், துறையால்தான் இறங்கும். அடையாள அட்டை கேட்கத் தேவையில்லாத ஊர்கள் இவை. படியில் வந்து நிற்கும் பொடியன் யாருடைய பேரன், எத்தனையாம் வகுப்பு என்பதெல்லாம் கடைக்காரருக்குத் தெரியும்.

எனவே தீவகத்துப் பெரியவர்களிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் உண்டு. பழக்கத்தை விட முடியாதவர்கள் சுருட்டையும் வெற்றிலைப் புகையிலையையும் தாங்களே நடந்துபோய் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளை வந்து கேட்டால், அது அப்புவுக்கென்றாலும் கொடுக்காதீர்கள் கடைக்கார ஐயாமாரே. சட்டமும் அதைத்தான் சொல்கிறது.